காளையோடு பிறந்த கிடேரி

நான் பால் குடிப்பதில்லை. காபிகூட வெறும் டிக்காஷன்தான். இந்த ஊரில் எந்தக் கொட்டிலில், எந்த மடியிலிருந்து, எப்படிப்பட்ட கைகள் பாலைக் கறக்கின்றன என்று தெரிந்தவன் எவனும் அதை வாயில் வைக்க மாட்டான். உங்கள் சேவகர் கொண்டுவந்து வைத்த டம்ளரை நான் தொடாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னை யாரும் இங்கே பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் வந்தேன். விசாரணை நீதிபதியாகிய உங்கள் முன்னால் இருக்கும் கோப்பில் ஒரு தவறு இருக்கிறது. என் தம்பி மனைவி ரஞ்சிதம், மாமியார் கொடுத்த நாட்டுக் கஷாயத்தால் இறந்தாள் என்று போலீசார் எழுதி, என் அம்மா அங்கம்மாளைக் காவலில் வைத்திருக்கிறார்கள். என் அம்மாவுக்கு ரசத்துக்கு எவ்வளவு உப்புப் போட வேண்டும் என்பதே இன்றுவரை பிடிபடவில்லை. அவள் காய்ச்சும் கஷாயத்தால் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகாது. படித்தவர்கள் இதை நம்பி முத்திரையும் குத்தியிருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

என் பெயர் தெய்வசிகாமணி. அரசு மாட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியர். பிரான்சுக்குப் போய்க் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் திரும்பி வந்தேன். அங்கே என்னை 'தொக்தர்' என்றார்கள். இங்கே 'மாட்டு டாக்டர்'. மாட்டை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் டாக்டரைச் சொல்வார்கள். அப்பா மில்லில் நெசவுப் பிரிவில் உழைத்து, பஞ்சுத் தூசியில் இருமிச் செத்தவர். தம்பி வைத்திலிங்கத்தைப் படிக்கவைக்கப் பார்த்தேன். அவன் தலையில் ஏறவில்லை. அதே மில்லுக்குப் போனான். சங்கு ஊதினால் ஓடுவது, சங்கு ஊதினால் திரும்புவது, ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வேர்க்கடலை. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறவன். நான் மணம் செய்துகொள்ளவில்லை. பேசுவதற்குத் தகுந்தவள் கிடைக்கவில்லை.

1960 தொடக்கத்தில் அம்மா தம்பிக்கு முதலியார்பேட்டையில் ஒரு பெண் பார்த்தாள்.

"ரெட்டைப் பொறப்புடா பெரியவனே. ரஞ்சிதமும் அண்ணங்காரன் கோவிந்தராசும் ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்ததுங்க. அவன் சைக்கிள் கடை வெச்சிருக்கான்" என்று ஏதோ கூடுதலாக ஒரு சீர் கிடைத்ததுபோலச் சொன்னாள்.

இந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று நான் அப்போதே சொன்னேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன். பசு இரட்டைக் கன்று ஈன்று, அதில் ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால், அந்தக் கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது. இது பால்காரர்களுக்கே தெரியும். தீனி போட்டு வீணாக்காமல் விற்றுவிடுவார்கள். ஏன் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. கருப்பைக்குள் இரண்டு கன்றுகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. காளைக்கன்றின் உடலில் ஊறும் ஹார்மோன் கிடேரியின் ரத்தத்திலும் போய்க் கலக்கிறது. பிறப்பதற்கு முன்பே அது கெட்டுவிடுகிறது. வெளியே பார்த்தால் லட்சணமான கிடேரி. உள்ளே ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் கப்பலில் வந்த ஒரு பிரெஞ்சு சஞ்சிகையில் இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவில் சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்து பெரிதான பிறகு, பெண் ஹார்மோன் கொடுத்தும் ஆணை ஏற்கவில்லை. ஆணைப்போல மற்றவற்றின் மேல் ஏறின. கெட்டது உறுப்பு மட்டுமல்ல, மூளையும்தான் என்பது அவர்கள் முடிவு. இனப்பெருக்கத்தை ஆளுகிற நரம்புப் பின்னல் கருவிலேயே ஒரு முறை போடப்பட்டுவிடுகிறது. பிறகு யாராலும் அதைப் பிரித்துப் பின்ன முடியாது. எவ்வளவு அழகான கருத்து. இதைப் பேச இந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் இல்லை.

மனிதர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். மனித இரட்டையரில் அப்படி ரத்தம் கலப்பதில்லை என்று என் பாடப்புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. ஒரே வரி, பொடி எழுத்தில். முழுப் பக்கத்தையும் விட்டுவிட்டு அடிக்குறிப்பைப் பிடித்துத் தொங்குவது வக்கீல்களின் வேலை. நான் விஞ்ஞானி.

பெண் பார்க்கப் போன இடத்தில், காபி வந்தவுடன், இரண்டு வீட்டாரும் இருக்கும்போதே இதை எடுத்துச் சொன்னேன். மறைத்துவைத்துப் பிறகு சொல்வது நாகரிகமில்லை. வைத்திலிங்கம்தான் முதலில் சிரித்தான்.

"அண்ணே, அவ என்ன மாடா?"

அதற்குள் அந்தக் கோவிந்தராசு உள்ளே போய் ஒரு பருத்த பெண்மணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தான்.

"டாக்டர், இவங்க எங்க அத்தை மணியம்மாள். அரியாங்குப்பம். இவங்களும் ரெட்டைதான். கூடப் பொறந்தவரு ராமலிங்கம், அதோ வாசல்ல வெத்தல போட்டுக்கினு நிக்கிறாரே, அவருதான். அத்தைக்கு எத்தினி புள்ளைன்னு நீங்களே கேளுங்க."

"ஆறு" என்றாள் அந்த அம்மாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டரு தம்பி, என்னை எந்தக் கொட்டாயில கட்டப் போறீங்க? புண்ணாக்கு நல்லதா வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

கூடம் முழுவதும் சிரித்தது. என் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் சிரித்தது எனக்குக் கேட்டது. விதிவிலக்குகள் எங்கும் உண்டு என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால்கூட, உறவுக்காரன் எவனாவது "புண்ணாக்கு ஆச்சா?" என்பான். நான் கோபப்படவில்லை. முட்டாள்களின் சிரிப்புக்குக் கோபப்பட்டால் இந்த ஊரில் வேறு எதற்கும் நேரமிருக்காது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஒரே வீட்டில்தான் இருந்தோம். ரஞ்சிதத்தை நான் பாரபட்சமில்லாமல் கவனித்தேன். சீழ்க்கை அடிப்பாள். அண்ணன் கடையில் வளர்ந்தவள் என்பதால் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவாள். மில்லிலிருந்து வரும் தம்பியைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவில் அவளே மிதித்துக்கொண்டு வருவாள். சிரித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். கினிப்பன்றிகளைப் பற்றிப் படித்தவனுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

என்னிடம் அவள் மரியாதையாகவே நடந்துகொண்டாள். "மாமா, உங்களுக்கு டிக்காஷன் மட்டுந்தானே?" என்று வந்த மறுநாளே தெரிந்துவைத்திருந்தாள். ஒருநாள் நான் சஞ்சிகையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தாள்.

"இதுங்கதானா மாமா அந்தக் குட்டிங்க? ஊசி போட்டாங்களே, அதுங்க அப்புறம் என்னா ஆச்சு? அப்பிடியேவா இருந்துச்சுங்க, இல்ல மாறிச்சுங்களா?"

அவளுக்குப் புரியப்போவதில்லை என்பதால் சஞ்சிகையை மூடிவைத்தேன்.

கல்யாணமான சில வாரங்களில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. ரத்தம் குறைவு, இந்தப் பெண்களுக்கு வழக்கமானதுதான். "பெரியவனே, வீட்டுலயே டாக்டரு இருக்கச் சொல்ல வெளிய எதுக்குப் போவணும்? ஒரு சத்து ஊசி போடேன்" என்றாள் அம்மா. போட்டேன். வாரம் ஒருமுறை, ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொண்டுவருவேன். அம்மா பக்கத்தில் இருப்பாள். ரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமா, மாட்டுக்குப் போடுற ஊசி இல்லியே?" என்று கேலி செய்வாள். இல்லை என்பேன்.

ஒரு வருடம் போயிற்று. குழந்தை இல்லை. மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது, முதலில் சந்தோஷப்பட்டார்கள், பிறகு புரிந்துகொண்டார்கள். அவள் குரல் கரகரத்தது. மேலுதட்டில் மயிர் அரும்பியது. சீழ்க்கை நின்றது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். வீடு நிம்மதியாக இருந்தது. நான் எதையும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அம்மா ஒரு மாலை என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "நீ படிச்சவன். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றாள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

நீங்கள் குறுக்கே கேட்க வேண்டாம், நானே அந்த இடத்துக்கு வருகிறேன். அது வைட்டமின் இல்லை. சோர்ந்துபோன பொலிகாளைகளுக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் எண்ணெய் மருந்து, ஆண் ஹார்மோன். இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அவள் மூளை கருவிலேயே ஆணின் பக்கம் திரும்பிவிட்டது என்பது என் முடிவு. அப்படியானால் இந்த மருந்து அவளுக்குப் புதிதாக எதையும் செய்யப்போவதில்லை. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். நான் எதையும் உண்டாக்கவில்லை. மற்றவர்களுக்குத் தெரியும்படி செய்தேன். புகைப்படக்காரன் படம் பதிந்த தட்டை மருந்தில் நனைக்கிறான். படத்தை அவனா உண்டாக்குகிறான்?

வைத்திலிங்கத்துக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ள இல்லாட்டி என்னம்மா? எனக்கு இவ போதும். நீ இந்தப் பேச்சை இத்தோட வுடு" என்றான். மீசை முளைத்த பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ஒருவன் அப்படிப் பேசுவதற்குப் பெயர் அன்பு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அது அறிவுக்குறைவாகத்தான் தோன்றியது.

ஐப்பசியில் ஒருநாள் நான் ஊசியோடு வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கட்டைக் குரலில் நேராகச் சொன்னாள்.

"மாமா, இந்த ஊசி எனக்கு வேணாம். இதைப் போட்டதுக்கு அப்புறந்தான் எனக்கு இப்பிடியெல்லாம் ஆவுது. உங்களைத் தப்பாச் சொல்லலை. எனக்கு ஒத்துக்கலை. வுட்டுடுங்க."

"உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"என் ஒடம்பு எனக்குத் தெரியாதா மாமா?" என்றாள்.

அந்த வாரமே முதலியார்பேட்டைக்குத் தாய்வீடு போனாள். தம்பி மில் விட்டதும் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவான். அங்கிருந்து அவளை ஒரு லேடி டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். "இரட்டையாகப் பிறந்ததற்கும் பிள்ளை பிறப்பதற்கும் சம்பந்தமே இல்லை, இது ஏதோ மருந்தின் வேலை மாதிரி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறாய்?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். ரஞ்சிதம் என் பெயரைச் சொல்லவில்லையாம். குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாளாம். இதைப் பெருந்தன்மை என்று கோவிந்தராசு உங்களிடம் சொல்லியிருப்பான். எனக்கு அவளுடைய பெருந்தன்மை தேவையாக இருக்கவில்லை.

இந்த வருடம் ஆனி மாதம் வைத்திலிங்கம் ஒரு பொட்டலம் ஜிலேபியோடு என் ஆஸ்பத்திரிக்கே வந்தான். கொட்டகையில் மாட்டுக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில், "அண்ணே, நீ பெரியப்பா ஆவப்போறே. மூணு மாசமாம். உன் படிப்பு பொய்யாப் போச்சு அண்ணே" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணம் வருமளவுக்கு மூளை இல்லை. ஆனால் மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் ஜிலேபியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "டாக்டருக்கு இன்னைக்குப் புண்ணாக்கு இல்ல, ஜிலேபி" என்றான். இது இவன்வரைக்கும் வந்துவிட்டதா என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆடி பிறந்ததும் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். குரல் பழையபடி ஆகவில்லை. ஆனால் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கட்டைக் குரலில், இன்னும் பலமாக. அம்மா முழுக்கக் கட்சி மாறிவிட்டாள். சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, ஊதி ஆற்றி மருமகளின் வாயில் வைத்தாள். என்னிடம் பழைய பேச்சு எதுவும் பேசவில்லை. மறந்தே போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

பசு கன்று போட்ட பிறகு நச்சுக்கொடி விழாமல் நின்றுவிட்டால் நாங்கள் கொடுக்கிற ஒரு மருந்து உண்டு. கருப்பையை இறுக்கிப் பிழியும். அதை ஒரு சின்னப் புட்டியில் அம்மாவிடம் கொடுத்தேன்.

"கருவுக்குச் சத்தும்மா. நான் கொடுத்தேன்னு சொன்னா அவ குடிக்க மாட்டா. உன் கஷாயத்தில் கலந்து கொடுத்துடு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நீயும் மனசு மாறிட்டியாடா பெரியவனே" என்று என் கன்னத்தைத் தடவினாள். மறுநாள் காலை கலந்து கொடுத்தாள். பகல் சங்கு ஊதும்போது ரத்தப்போக்கு ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மில்லிலிருந்து ஓடிவந்த வைத்திலிங்கம் செருப்பில்லாமல் நின்றான். அந்த லேடி டாக்டர் வெளியே வந்து எங்கள் எல்லோரையும் பார்த்து, "என்ன கொடுத்தீர்கள்? என்ன மருந்து என்று தெரிந்தால் ஏதாவது செய்யலாம். யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கஷாயம்மா. நான் வெச்ச கஷாயந்தான்" என்றாள். டாக்டர் இன்னும் ஒருமுறை வந்து கேட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால், உள்ளே ஒரு கரு இருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

அம்மா இன்றுவரை என் பெயரைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். வயதாகிவிட்டது, புட்டியை யார் கொடுத்தது என்பதே நினைவில் இருக்காது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்காக, நான் யோசித்துச் செய்த ஒன்றைச் சுக்கும் சீரகமும் செய்தன என்று அரசாங்கக் கோப்பில் எழுதிவைப்பதை நான் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கிழவியை வெளியே விடுங்கள். ஊசி என்னுடையது. புட்டி என்னுடையது. என்ன நடக்கும் என்று தெரிந்தே கொடுத்தேன். டாக்டர் கேட்டபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் எழுத்தர் இந்த நாலு வாக்கியங்களையாவது பிழையில்லாமல் எழுதட்டும்.

இங்கே கிளம்புவதற்கு முன் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை.

"அண்ணே, சிரிச்சாங்கன்னுதானே? ஒரு தபா, 'நான் சொன்னது தப்பாயிடுச்சுப்பா'ன்னு நீயும் கூடச் சிரிச்சிருந்தா முடிஞ்சிருக்குமே. அவ அந்த ஊசியைப் பத்திக்கூட யாருகிட்டயும் சொல்லலியே அண்ணே" என்றான்.

மில்காரன் பேச்சு. தப்பு என்றால் என்ன என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பிரேதப் பரிசோதனை செய்தவர் நாலு மாதக் கரு என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும், மனித வைத்தியர்களின் கண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள், ஐயா. பிறந்ததா?